வெயிலில் நிற்கும் ஆட்டின் மூளை

ஜவ்வாது மலையில் சித்திரை மாதத்து உச்சி வெயிலிலும் வெள்ளாடு மேயும். ஓடை வற்றிப்போய், பாறை கொதிக்கும் அந்த நேரத்தில் ஆட்டின் மூளை அதன் உடம்பை விடக் குளிர்ந்திருக்கிறது. அதற்கான ஏற்பாடு தலைக்குப் போகும் தமனிகளில் இருக்கிறது.

நமக்குக் கழுத்தின் இருபுறமும் இரண்டு கரோட்டிட் தமனிகளும், கழுத்து முள்ளெலும்புத் துளைகளின் வழியே ஏறும் இரண்டு தமனிகளும் மூளைக்கு இரத்தம் தருகின்றன. மூளையின் அடியில் அவை ஒரு வளையமாகக் கூடுகின்றன. 1664-இல் மருத்துவர் தாமஸ் வில்லிஸ் விளக்கியது இந்த வளையத்தைத்தான்.

ஆட்டின் வழி வேறு. நமக்கு மூளை வரை நேராகப் போகும் உட்புறக் கரோட்டிட் தமனி, ஆடு பிறந்த பிறகு பெரும்பகுதி சுருங்கி அடைபட்டுவிடுகிறது. இரத்தம் தாடைப் பக்கத்துத் தமனியின் கிளைகள் வழியாக மண்டையோட்டுக்குள் நுழைகிறது. அங்கே பிட்யூட்டரி சுரப்பியின் இருபுறமும் மெல்லிய குழாய்களாகப் பிரிந்து, ஒரு வலையாகப் பின்னி, மறுபடி ஒரே தமனியாகச் சேர்ந்து மூளைக்குப் போகிறது. கரோட்டிட் வலை என்று இதைச் சொல்லலாம். செம்மறி, மாடு, மான் எல்லாவற்றுக்கும் இது உண்டு. நமக்கு இல்லை.

மனிதனுக்கும் உண்டு என்றே வெகுகாலம் நம்பினார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் விலங்குகளை அறுத்துப் பார்த்து, உயிராற்றல் மன ஆற்றலாக மாறும் இடம் இந்த வலை என்று எழுதினார். 1521-இல் உடற்கூறியலாளர் பெரெங்காரியோ மனித உடலில் தேடிக் காணவில்லை என்றார். 1543-இல் உடற்கூறியல் ஆசிரியர் வெசாலியஸ், வகுப்பில் வலையைக் காட்ட ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ பக்கத்தில் வைத்துக்கொண்டதை ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வலையின் வேலை என்ன? ஆடு மூச்சு விடும்போது மூக்கின் ஈரச் சவ்விலிருந்து நீர் ஆவியாகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல அங்குள்ள சிரை இரத்தம் குளிர்கிறது. அந்த இரத்தம் கண்ணோரச் சிரை வழியாக வந்து, வலையைச் சுற்றியுள்ள சிரைக் குடாவில் நிறைகிறது. தமனி இரத்தம் மெல்லிய குழாய்ச் சுவர்களின் வழியே தன் சூட்டை அதற்குக் கொடுத்துவிட்டு மூளைக்குப் போகிறது.

மூளையைக் காப்பதே நோக்கம் என்று முதலில் நினைத்தார்கள். ஓடும் காட்டு விலங்குகளை அளந்தபோது கதை மாறியது: உயிர் தப்ப ஓடும் நேரத்தில் இந்தக் குளிர்ச்சி நின்றுபோகிறது. உடம்பின் வெப்ப அளவைக் கவனிக்கும் மையம் மூளைக்குள் இருக்கிறது. அது குளிர்ந்திருந்தால் ஆடு குறைவாக மூச்சிரைக்கும், வியர்வையும் குறையும். மிச்சமாவது தண்ணீர். வறண்ட மலையில் இதுதான் பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆடு மிரண்டால் கண்ணோரச் சிரை இறுகிக்கொள்கிறது, குளிர்ந்த இரத்தம் வலைக்கு வருவது குறைகிறது. ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா போகிறவர்களே, உச்சி வெயிலில் நிழலோரம் நிற்கும் மந்தையை ஹாரன் அடித்து விரட்டாதீர்கள்.