நாய் எதையாவது விழுங்கிவிட்டால்

மனிதருக்கு மருந்து கட்டுகிறவன் நாயைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் நாய்க்கு ஏதாவது ஆனால் முதலில் தட்டுவது தோட்ட மருந்தகக் கதவைத்தான். “ஐயா, எங்க நாய் ஊசியை முழுங்கிட்டுது, ஏதாச்சும் மருந்து குடுங்க” என்று வருவார்கள். அதற்குள் வீட்டில் பாதி வைத்தியம் முடிந்திருக்கும். அந்தப் பாதி வைத்தியம்தான் ஆபத்து.

உப்பைக் கரைத்து வாயில் ஊற்றுகிறார்கள். வாந்தி வராவிட்டால் அந்த உப்பு இரத்தத்தில் ஏறி, வலிப்பு வந்து நாய் செத்தும் போகலாம். வழுக்கி வெளியே வரட்டும் என்று தேங்காயெண்ணெயை ஊற்றினால், அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா காணும். கூரான பொருள் வாந்தியோடு திரும்பி வந்தால் தொண்டையைக் கிழிக்கும். வாந்தி எடுக்க வைக்கலாமா கூடாதா என்பதை மிருக டாக்டர் சொல்லட்டும்.

ஒருமுறை ஒரு தங்கச்சி கொண்டுவந்த நாயின் வாயில் நூல் தொங்கியது. வீட்டுக்காரர் அதை இழுத்துக்கொண்டே வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். நூலின் மறுமுனையில் ஊசி குத்தி நிற்கும். குடல் வரை போன நூலை இழுத்தால் குடலையே அறுத்துவிடும். தூண்டில் முள்ளும் அப்படித்தான். ஈப்போவுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஆபரேஷன் செய்தார்கள், பிழைத்தது.

நம் வீடுகளில் இதைவிட மோசமானது சாத்தே குச்சி. இறைச்சி வாடைக்கு நாய் முழுசாக விழுங்கிவிடும். இரண்டு நாள் ஓடியாடித் திரியும், பிறகுதான் குடலைக் குத்தும். பொத்தான் மாதிரி இருக்கும் சின்ன பேட்டரிக்கு இரண்டு மணி நேரமே போதும், தொண்டைக் குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். இவை இரண்டுக்கும் காத்திருக்கவே கூடாது.

சட்டைப் பித்தான் போன்ற சிறிய, வழுவழுப்பான பொருளானால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் மலத்தைக் கவனிக்கலாம். மாங்கொட்டை, சோளக்கட்டை பெரியவை, குடலை அடைக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, தீனி எடுக்காமை, வயிறு தொட்டால் முனகல் கண்டால் அன்றைக்கே போக வேண்டும்.

மூச்சுத் திணறி ஈறு நீலமாகிறதா? சின்ன நாயானால் பின்னங்காலைத் தூக்கித் தலைகீழாகப் பிடியுங்கள். பெரிய நாயானால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, விலா எலும்புக்குக் கீழே உள்நோக்கி அழுத்துங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் வாயில் கை விடலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் மறுபடி தலைகாட்டியதை மறக்க வேண்டாம்.

டாக்டருக்குப் போன் செய்யும்போது என்ன பொருள், எவ்வளவு நீளம், எத்தனை மணிக்கு, நாய் எத்தனை கிலோ என்று சொல்லுங்கள். அதே மாதிரி இன்னொரு பொருள் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். எக்ஸ்ரேயில் ஊசி தெரியும். குச்சியும் துணியும் பெரும்பாலும் தெரியாது. அங்கே டாக்டருக்குத் துப்பு நீங்கள் சொல்லும் சொல்தான்.