எழுதிய கையே அழிக்கவும் வேண்டும்

100 கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தில் எல்லாரும் ஒரே ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் இணையத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேஜை மேஜையாகப் போய் மாற்றினால் நாள்கணக்கில் ஆகும். ‘ரெக் ஆட்’ என்று தொடங்கும் இரண்டு வரிகளைப் பேட்ச் ஃபைலில் எழுதி, லாகின் ஸ்கிரிப்டாகச் சர்வரில் வைத்துவிட்டால், ஒவ்வொருவரும் லாகின் செய்யும்போதே மாற்றம் நடந்துவிடும். முன்பு ஐஎன்ஐ கோப்புகளில் சிதறிக் கிடந்த அமைப்புகளை, 1993இல் விண்டோஸ் என்டியும் 1995இல் விண்டோஸ் 95உம் ரெஜிஸ்ட்ரி என்ற ஒரே தொகுப்புக்குள் கொண்டுவந்ததால் கிடைத்த வசதி இது. இதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் மாற்றத்தைத் திரும்பப் பெறும் வழியில்லாத ஸ்கிரிப்ட், பாதி செய்த வேலைதான்.

ஓராண்டு கழித்து அந்த ப்ராக்ஸி சர்வரை நிறுத்தி, பேட்ச் ஃபைலையும் நீக்கினால் என்ன ஆகும்? இணையம் வராது. ஸ்கிரிப்ட் போய்விட்டாலும் அது எழுதிய மதிப்பு ஒவ்வொரு பயனரின் ரெஜிஸ்ட்ரியிலும் அப்படியே இருக்கிறது; இல்லாத சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறது பிரவுசர். கணினி நிர்வாகிகள் இதைப் பச்சை குத்துவதோடு ஒப்பிட்டே பெயரிட்டிருக்கிறார்கள். ‘எஃப்’ சுவிட்சைச் சேர்த்துவிட்டால், ‘ரெக் ஆட்’ எதையும் கேட்காமல் பழைய மதிப்பின் மேலேயே எழுதிவிடும். முன்பு என்ன இருந்தது என்பதற்குச் சுவடே இருக்காது.

கணினி அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் குரூப் பாலிசி இதற்குத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விண்டோஸ் 2000உடன் வந்த குரூப் பாலிசி, தன் மதிப்புகளைப் பெரும்பாலும் ‘பாலிசிஸ்’ என்ற தனிக் கிளையில் எழுதுகிறது. பாலிசியை விலக்கினால் அந்த மதிப்புகளும் நீங்கிவிடும். அது கைக்கு எட்டும் இடத்தில் அதுவே நல்லது. ஆனால் எல்லா மென்பொருளும் அந்தக் கிளையைப் பார்ப்பதில்லை. குரூப் பாலிசியை மையமாக இயக்கத் தேவையான டொமைனை அமைக்காத சிறிய அலுவலகங்களும் உண்டு. அங்கெல்லாம் பேட்ச் ஃபைல் தொடரத்தான் செய்யும். ஆகவே பேட்ச் ஃபைலைக் கைவிடச் சொல்வதைவிட, குரூப் பாலிசியின் அந்த ஒழுங்கை அதற்கும் கொண்டுவருவதே பயன் தரும்.

‘ரெக் எக்ஸ்போர்ட்’ கட்டளையால் முன்கூட்டியே ஒரு நகல் எடுத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. நகல் வேண்டும், ஆனால் முதல் முறை மட்டுமே எடுக்க வேண்டும். ஒவ்வொரு லாகினிலும் நகல் எடுத்தால், மாற்றப்பட்ட மதிப்பே மறுநாள் நகலாகி மூலத்தை அழித்துவிடும். நகலைத் திரும்ப ஏற்றும்போது பழைய மதிப்புகள் வந்து சேருமே தவிர, புதிதாகச் சேர்த்தவை நீங்காது; அவற்றைத் தனியே ‘ரெக் டிலீட்’ செய்ய வேண்டும். திரும்பப் பெறும் ஸ்கிரிப்டும் ஒரு நாள் ஓடினால் போதாது. நீண்ட விடுப்பில் இருப்பவர் திரும்பி வந்து லாகின் செய்யும்வரை அது சர்வரில் இருந்தாக வேண்டும். இவ்வளவும் கூடுதல் வேலைதான். ஆனால் அதைத் தள்ளிப்போட முடியாது. எந்த மதிப்பு முதலில் இருந்தது என்பதைக் கணினியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவது, ஸ்கிரிப்ட் முதல் முறை ஓடுவதற்கு முன்பு மட்டும்தான்.