சுவரில் எழுதலாமா?



இந்த மாத இதழுக்குக் கலை பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லி தமிழம்மா சொன்னார்கள். கட்டடம், கவிதை, நாடகம், சிற்பம் எல்லாமே கலைதான். இதையெல்லாம் பார்க்க சென்னைக்குப் போகணும்னு நான் நினைத்திருந்தேன். நம்ம ஊரிலேயே இருக்கிறது.

திருத்தணி என்றதும் எல்லாருக்கும் மலையும் 365 படிகளும்தான் ஞாபகம் வரும். ஆனால் கீழே நந்தி ஆற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒரு சின்ன சிவன் கோயில் இருக்கிறது. கூட்டம் அவ்வளவாக இருக்காது. இது பல்லவ மன்னன் அபராஜிதவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. அப்படியானால் ஏறக்குறைய 1100 வருடம் ஆகிறது!

இந்தக் கோயிலின் பின்பக்கம் சதுரமாக இருக்காது, வளைவாக இருக்கும். படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி இருப்பதால் இதைத் 'தூங்கானை மாடம்' என்று சொல்வார்கள். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனவர்கள் சகாதேவ ரதத்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் இந்த வடிவம்தான். அதன் பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு முதுகையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கோ என்று சிற்பி சொல்வது போல இருக்கும்.

அதற்கு முன்னால் கோயில்களைப் பெரும்பாலும் செங்கல், மரம், சுண்ணாம்பு வைத்துத்தான் கட்டினார்கள். அவை மழையிலும் கரையானிலும் போய்விடும். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து கோயில் செய்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்தேன் என்று அங்கே எழுதியும் வைத்தான். அவன் ஓவியன், 'மத்தவிலாசம்' என்ற சிரிப்பு நாடகத்தை எழுதியவன். ஒரே ஆள் இத்தனை வேலை செய்திருக்கிறான். நமக்கு வீட்டுப்பாடம் முடிக்கவே நேரம் இல்லை!

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். நம்ம ஊர்க் கோயிலில் அபராஜிதன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது ஒரு வெண்பா. தணிகை இறைவனுக்கு நம்பி அப்பி என்பவர் கருங்கல்லால் கோயில் எடுத்தார் என்பது அதன் கருத்து. இந்த வெண்பாவை மன்னரே பாடினார் என்றும் கூடவே பொறித்திருக்கிறது. யாப்பிலக்கணத்தில் சீர், தளை பிரிக்கவே நமக்குத் தலை சுற்றுகிறது, ஒரு ராஜா உட்கார்ந்து வெண்பா எழுதியிருக்கிறார்.

அதுவும் யாருக்காக? கோயில் கட்டினவருக்காக. 'நான் பெரிய ராஜா' என்று பாடவில்லை. இப்போது ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தாலே வெளிச்சம் தெரியாத அளவுக்கு 'உபயம்' என்று பேர் எழுதுகிறார்கள். அபராஜிதனை ஆதித்த சோழன் தோற்கடித்தான். பல்லவ ராஜ்ஜியம் போய்விட்டது. அவன் இன்னொருத்தரைப் பாராட்டின பாட்டு இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏழாவது படிக்கும்போது, ஒரு பழைய மண்டபத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு தூணில் காம்பஸ் முனையால் என் பேரின் முதல் எழுத்தைக் கீறினேன். ஏற்கெனவே நிறையப் பேர் கீறி வைத்திருந்தார்கள், நானும் கீறினேன். அவ்வளவுதான் காரணம். யாரும் என்னைத் திட்டவில்லை. யாருக்கும் தெரியாது.

ராஜாவும் சுவரில்தானே எழுதினார், நான் எழுதினால் என்ன என்று முதலில் மனசுக்குள் வாதாடிப் பார்த்தேன். ஆனால் அந்த வெண்பாவால்தான் அந்தக் கோயிலைக் கட்டினது யார் என்று நமக்குத் தெரிகிறது. என் எழுத்து யாருக்கு என்ன சொல்கிறது? ஒன்றுமே இல்லை.

கலை என்றால் எல்லாமே ஆயிரம் வருடம் இருக்கணும் என்றும் இல்லை. நம்ம பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது விடிய விடியத் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். கட்டியங்காரன் வந்தால் தூங்குகிற பாட்டிகூட எழுந்து சிரிப்பார்கள். கடைசியில் படுகளம். துரியோதனனை மண்ணால் தரையில் அவ்வளவு பெரிதாகச் செய்து, கலர் பூசி, மீசை வைப்பார்கள். பீமன் வேஷக்காரர் வந்து அவன் தொடையில் அடிப்பார். அன்றைக்கே அது உடைந்துவிடும். மண்ணை எடுத்துக்கொண்டு போவார்கள். செய்தவர்கள் வருத்தப்படுவதில்லை, அது உடைவதற்காகவே செய்தது.

ஆனால் கூத்து அழியவில்லை. செய்யாறு பக்கம் புரிசையில் பரம்பரையாக ஆடுகிறார்கள். தெருக்கூத்தால் ஈர்க்கப்பட்ட எழுத்தாளர் ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கினார். நடிகர் பசுபதி அங்கே பயிற்சி பெற்றவர்தான். ஆக, மண் பொம்மை உடைந்தாலும் ஆட்டம் ஆளுக்கு ஆள் போய்க்கொண்டே இருக்கிறது.

எனக்குப் புரிந்தது இதுதான். உடைக்கச் செய்ததை உடைக்கலாம். வைத்திருக்கச் செய்ததை வைத்திருக்கணும். அந்தத் தூண் என்னுடையது இல்லை, எனக்கு அப்புறம் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். இப்போது போய்த் தேய்த்து அழிக்கவும் முடியாது. தேய்த்தால் தூண்தான் தேயும். அதனால் அந்த எழுத்து அங்கேயேதான் இருக்கும்.

நண்பர்களே, சுவரில் எழுத ஆசை வந்தால் இந்தச் சுவருக்கு வாருங்கள். கவிதை, படம், விடுகதை எது வேண்டுமானாலும் கொடுங்கள். அடுத்த மாதம் இந்தத் தாளைப் பிரித்துவிட்டு வேறு தாள் ஒட்டுவோம். எனக்கு வருத்தமே இல்லை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி