‘சும்மா விளையாட்டுக்கு சார்!’

பின்னால் வந்து ஜட்டியின் பட்டையைப் பிடித்து மேலே வெடுக்கென்று தூக்குவதற்கு ஆங்கிலக் கார்ட்டூன்கள் ‘வெட்ஜி’ என்று பேர் வைத்துச் சிரிப்புக் காட்டுகின்றன. நம் பள்ளிகளில் டவுசரை உருவுவதும் இந்த வகைதான். பிடிபட்டவன் சொல்லும் பதில் தலைமுறை தலைமுறையாக மாறவில்லை: ‘சும்மா விளையாட்டுக்கு சார்!’ ஆசிரியரும் பெரும்பாலும் ஓர் அதட்டலோடு விட்டுவிடுகிறார்.

ஏற்காடு மாதிரி ஊரில் அப்படி விடுவது ஆபத்து. சேர்வராயன் மலையில் நூறாண்டுக்கும் மேலாக உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன; பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. வீட்டிலிருந்து வந்து போகிற பையன் சாயங்காலம் மணி அடித்ததும் தப்பித்துவிடுவான். விடுதிப் பையனோ, தன்னை இழுத்தவன் தூங்கும் அதே கூடத்தில்தான் படுக்க வேண்டும். அவனோடுதான் குளிக்கப் போக வேண்டும்.

முதலில் உடம்பு. துணி இறுகி இழுபடும்போது தோல் கிழியலாம், விதைப்பை நசுங்கலாம். அரிதாக, அடிபட்ட விதை உள்ளேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோகும். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்; தாமதமானால் அந்த விதையை எடுத்துவிட வேண்டியும் வரலாம். பையன்கள் வெட்கப்பட்டு ‘வயிறு வலிக்குது’ என்றுதான் சொல்வார்கள். கூடவே வாந்தியும் வீக்கமும் இருந்தால் வார்டன் வலி மாத்திரை கொடுத்து ‘காலையில் பார்க்கலாம்’ என்று படுக்க வைக்கக் கூடாது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியாக வேண்டும். விடியும் வரை காத்திருந்தால் அந்த 6 மணி நேரம் விடுதியிலேயே கரைந்துவிடும். உடனே 108ஐ அழையுங்கள்.

உயிரே போனதும் உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2013இல் ஒருவர் சண்டையில் தன் மாற்றாந்தந்தையின் ஜட்டிப் பட்டையைத் தலைக்கு மேல் இழுத்துவிட, அது கழுத்தில் இறுகி அவர் செத்தே போனார்.

இனி சட்டம். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். தமிழ்நாடே பதறியது. அதன் விளைவாக வந்ததுதான் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். இது கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் ‘கல்வி நிறுவனம்’ என்றே சொல்கிறது. உடலுக்கோ மனதுக்கோ கேடு விளைவிப்பது, அச்சமோ அவமானமோ கூச்சமோ உண்டாக்குவது எல்லாம் ராகிங். கேலி செய்வதும் குறும்பு விளையாட்டும்கூட அதில் அடக்கம். ஆகவே ‘விளையாட்டுக்கு’ என்பது இந்தச் சட்டத்தின் முன் சாக்கு ஆகாது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

குற்றம் உறுதியானால் அந்த மாணவரை நீக்க வேண்டும். வேறு எந்த நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது. ஒரு கொலையின் சூட்டில் எழுதிய சட்டம் இது. 12 வயதுப் பையன் மேல் அப்படியே சுமத்துவது அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. தலைமையாசிரியர்கள் புகாரை அமுக்கப் பார்ப்பதற்கு இந்தக் கடுமையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் இதற்காகச் சிறைக்குப் போவதில்லை; இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். ஆலோசனை, கண்டிப்பு, சமூக சேவை என்று அதற்குப் பல வழிகள் உண்டு. இழுத்த பிள்ளையின் எதிர்காலம் பாழாகுமே என்று தயங்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பாலியல் நோக்கத்தோடு தொட்டிருந்தால் போக்சோ சட்டம் வரும். அப்போது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைக்கும் பெரியவர்களுக்கு 6 மாதம் வரை, நிறுவனத்தை நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. எல்லா ஜட்டி இழுப்பையும் போக்சோவில் அடைக்க வேண்டியதில்லை. அதை முடிவு செய்வது பள்ளி நிர்வாகத்தின் வேலையும் இல்லை. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையைப் பழங்குடியோ பட்டியலினமோ அல்லாத ஒருவர் வலுக்கட்டாயமாக ஆடை உருவி அவமானப்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

யாராவது போனில் படம் எடுத்திருந்தால், ‘ஆதாரம்’ என்று சொல்லிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிள்ளையின் மானம் இரண்டாவது முறையும் போகும். பரப்பியதற்காக உங்கள் மேலேயே வழக்கும் வரலாம். போலீசிடம் மட்டும் காட்டுங்கள்.

பிள்ளையே பேச நினைத்தால் 1098 இலவசம், இரவிலும் எடுப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பல விடுதிகளில் போன் பேசும்போது பக்கத்திலேயே ஆள் நிற்பதால், விடுமுறைக்கு வரும்போதே இந்த எண்களைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒரு பக்கக் கடிதம்: என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம், யார் பார்த்தார்கள். புகார் வந்ததும் தலைமையாசிரியர் உடனே விசாரிக்க வேண்டும். உண்மை என்றால் அந்த மாணவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் அவரே ராகிங்குக்கு உடந்தை என்று கருதி அதே தண்டனையை அவருக்கும் விதிக்கிறது சட்டம். வாயால் சொன்னதை ‘யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை’ என்று மறுத்துவிடலாம். அதனால் கடிதத்தின் நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஏற்காடு தபால் நிலையத்திலிருந்தே விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.