உங்களுக்குத் தெரியுமா? குடிலில் நிற்கும் ராஜாக்களுக்கு முடி வந்த கதை

கந்தப்பளைப் பக்கம் நத்தாருக்கு வைக்கும் பாலன் குடிலைக் கவனியுங்கள். தூரதேசத்து மூவர் தலையில் முடியோடு நிற்பார்கள். மத்தேயு நற்செய்தியிலோ அவர்கள் வெறும் ஞானிகள். மூவர் என்றும் இல்லை, அரசர் என்றும் இல்லை.

முடி சூட்டியதில் பெரும்பங்கு சங்கீதம் 72-க்கு. சாலொமோன் பெயரில் வழங்கும் இந்த எபிரேய மன்றாட்டில் தர்சீசையும் சேபாவையும் ஆளும் அரசர்கள் காணிக்கையோடு வருகிறார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் பூசையில் இன்றும் இதைப் பாடுகிறார்கள்.

காணிக்கை அதில் ஓர் ஓரம்தான். ஏழையின் பிள்ளையைக் காக்க வேண்டும், ஒடுக்குகிறவனை நொறுக்க வேண்டும், புல்லறுத்த நிலத்தில் மழைபோல இறங்க வேண்டும் என்று அரசனுக்காகக் கேட்கிறது பாட்டு. கவ்வாத்து வெட்டிய மலையில் மழைக்குக் காத்திருந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பாபிலோனின் ஹம்முராபியும் எளியவனைக் காக்க வந்தவன் தானென்று கல்லில் வெட்டினான். ஆனால் அது ராஜாவின் சுயபுராணம், இதுவோ ராஜாவுக்கான மன்றாட்டு!

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் வீழ்ந்தது, இந்த மன்றாட்டுக்குரிய தாவீது வம்சத்து அரியணை போயிற்று. மன்றாட்டு மட்டும் நின்றது. வரப்போகும் மேசியாவுக்கென யூதர்கள் அதை வாசித்தார்கள். அவர் இயேசுவே என்றார்கள் கிறிஸ்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், புதிய ஏற்பாடு இந்தச் சங்கீதத்தை எங்கும் நேரடியாக மேற்கோள் காட்டவில்லை.

இந்தப் பாட்டு அடங்கிய வேதத்தை மலையகத் தொழிலாளரிடையே சொல்லவென்றே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது 1854இல். அப்போது இந்த மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் இல்லை, கோப்பிதான்.