எல்லோருக்கும் ஒரே மேசை: மெக்சிகோ விருந்துக்கு ஒரு திட்டம்

பத்துப் பேரை விருந்துக்கு அழைத்துப் பாருங்கள். ஒருவர் பால், தயிர்கூடத் தொடாத வீகன். ஒருவருக்குச் சீலியாக் நோய். துளி கோதுமை போனாலும் குடல் பாதிக்கும். ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாமை. ஹலால் இறைச்சி மட்டும் உண்பவர் ஒருவர், வெங்காயமும் பூண்டும் சேர்க்காதவர் ஒருவர், சர்க்கரை நோயாளி ஒருவர். ஆளுக்கொரு பதார்த்தம் என்று இறங்கினால் சமைப்பவர் ஓய்ந்துபோவார். தனித் தட்டு வாங்குகிறவர் கூசிப்போவார். எல்லோரும் உண்ணக்கூடிய ஒன்றை அடியில் வைத்து, சிலருக்கு மட்டும் ஆகிறவற்றைத் தனிக் கிண்ணங்களில் வைப்பதே சரியான வழி. அதற்கு மெக்சிகோ சமையல் அளவுக்கு வாகானது வேறு இல்லை என்பேன்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வரும்வரை அந்த மண்ணில் கோதுமை கிடையாது, மாடு கிடையாது, பன்றி கிடையாது. ஆகவே சீஸும் இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே வயலில் கலந்து வளர்க்கும் மில்பா வேளாண்மைதான் சோறு போட்டது. தக்காளி, மிளகாய், அவகாடோ எல்லாம் அந்தப் பகுதியில் காலங்காலமாக விளைந்தவை. 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது மில்பாவையும் குறிப்பிட்டது. பின்னால் வந்து சேர்ந்தவற்றை ஒதுக்கி வைத்துவிட்டால், வீகனும் சீலியாக் நோயாளியும் ஒருசேர உண்ணும் சாப்பாடு தானாகவே கிடைத்துவிடுகிறது.

முதல் வேலை, விருந்தினரைக் கேட்பது. ஒரு வாரம் முன்பே கேளுங்கள். “என்ன சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டால் “எதுவானாலும் சரி” என்ற மரியாதைப் பதில்தான் வரும். “எது உங்களுக்கு ஆகாது? ஆகாதது பக்கத்துப் பாத்திரத்தில் இருந்தால்கூடச் சிரமமா?” என்று கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். கத்தரிக்காய் பிடிக்காதவருக்கு அது பக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது. கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கரண்டி இரண்டு கிண்ணத்தில் போய்வந்தாலே ஆபத்து.

பதில்கள் வந்ததும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதவை எவை, தனியாக இருந்தால் போதும் என்பவை எவை என்று பிரியுங்கள். கோதுமையையும் நிலக்கடலையையும் அன்றைக்கு அடுப்படிக்குள் விடவே வேண்டாம். மோலே சாஸை நான் இங்கே தயங்காமல் விட்டுவிடுவேன். புவெப்லா நகரத்து மோலே மெக்சிகோவின் பெருமை. ஆனால் பாதாம், கடலை, எள், ரொட்டித் துண்டு என்று ஒவ்வாமைப் பட்டியலில் பாதி அதற்குள் அரைபட்டுக் கிடக்கும். இறைச்சி, சீஸ், கிரீம் ஆகியவை தனியாக இருந்தால் போதும்.

விருந்தின் வடிவம் டக்கீசாவாக இருக்கட்டும். மெக்சிகோவில் பிறந்தநாள், திருமுழுக்கு போன்ற வீட்டு விசேஷங்களில் வரிசையாகச் சட்டிகளில் குழம்புக்கறிகளை வைத்து, டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் சூடாக அவரவர் விருப்பப்படி எடுத்து டாக்கோ கட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது. நம் பட்டியல் இவ்வளவுதான்: மக்காச்சோள டோர்ட்டியா, பீன்ஸ், காளான் கறி, கோழி டிங்கா, தக்காளி சல்சா, அவகாடோவை மசித்த குவாக்கமோலே, ஹமைக்கா பானம், கடைசியில் பழம். இறைச்சி ஒன்று போதும். பன்றியும் மாடும் பலருக்கு ஆகாது. ஹலால் கடையில் வாங்கிய கோழி அசைவம் உண்பவர் பெரும்பாலோருக்கும் பொருந்தும்.

கடைக்குப் போகும்போது மாவில் கவனம் தேவை. டோர்ட்டியாவுக்கு வேண்டியது மாசா ஹரினா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்து உலர்த்திய மாவு அது. சுண்ணாம்புதான் தோலைக் கழற்றி, மாவுக்குப் பிசையும் பதத்தைத் தருகிறது; தானியத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினையும் உடம்பு ஏற்கும்படி விடுவிக்கிறது. இந்த முறை இல்லாமல் மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியது. சாதாரண மக்காச்சோள மாவை எவ்வளவு பிசைந்தாலும் உதிர்ந்துவிடும். கார்ன்ஃபிளார் வெறும் ஸ்டார்ச். மாசா ஹரினா பையிலும் ‘கோதுமை கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கை இல்லையா என்று பாருங்கள். டப்பாவில் வரும் சிப்போட்லே மிளகாய், சூப் கட்டி, மசாலாப் பொட்டலம் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படியுங்கள். காலி உறைகளை எறியாமல் வைத்திருங்கள். விருந்தினர் கேட்டால் காட்டலாம்.

முந்தைய இரவு பீன்ஸை ஊறப்போடுங்கள். கறுப்பு பீன்ஸ் கிடைக்காவிட்டால் ராஜ்மா. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்றாகக் கொதிக்க வேண்டும். சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். குக்கர் நல்லது. வெந்ததும் உப்பு மட்டும் போட்டு ஒரு பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள், அது வெங்காயம் பூண்டு விலக்கியவருக்கு. மீதியை எண்ணெயில் வெங்காயம் வதக்கிச் சேர்த்து மசியுங்கள். மெக்சிகோ வீடுகளில் இதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது வழக்கம். அரிசிச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. சைவம் என்று நம்பி ஏமாறுவது இந்த இரண்டிலும்தான், கடையில் வாங்குவதாக இருந்தால் கேட்காமல் வாங்காதீர்கள்.

விருந்தன்று சமைக்கும் வரிசையே பாதுகாப்பு. சுத்தமான பலகை, சுத்தமான கத்தியோடு சைவத்தை முதலில் முடியுங்கள். தக்காளியையும் பச்சை மிளகாயையும் வெறும் கல்லில் தோல் கருகும்வரை சுட்டு, உப்போடு கொரகொரவென்று அரைத்தால் சல்சா. மெக்சிகோவில் இதற்கு மோல்காஹெத்தே என்ற எரிமலைக் கல் உரல். நம் அம்மியும் அந்த வேலையை அருமையாகச் செய்யும். ஒரு கிண்ணம் எடுத்துவைத்த பிறகு மீதியில் சுட்ட பூண்டைச் சேருங்கள். காளானை மிளகாய், கொத்தமல்லியோடு வதக்குங்கள். அதன் பிறகு கோழி: வேகவைத்துப் பிய்த்து, வெங்காயம், தக்காளி, சிப்போட்லே விழுதில் சுண்டவிட்டால் டிங்கா. காரத்தை எல்லாக் கறியிலும் குறைவாகவே வையுங்கள். காரம் வேண்டியவர் சல்சாவை அள்ளிக்கொள்வார்.

டோர்ட்டியா கடைசியில். 1 கிலோ மாவில் சிறிய அளவில் அறுபதுக்குக் குறையாமல் வரும். ஆளுக்கு ஐந்து என்று வைத்தாலும் தாராளம். 2 கப் மாவுக்கு ஒன்றரை கப் வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் உப்பு. பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். எலுமிச்சை அளவு உருட்டி இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான தட்டால் அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் இன்னும் நீர் தெளிக்க வேண்டும்; தாளில் ஒட்டினால் நீர் கூடிவிட்டது. நன்றாகக் காய்ந்த கல்லில் அரை நிமிடம், திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் உப்பும். தினமும் சப்பாத்தி சுடும் கல் வேண்டவே வேண்டாம். சீலியாக் உள்ளவருக்கு அந்த மாவுத் தூளே போதும் நோவு தர. சுட்டதைத் துணியில் சுற்றி மூடிவைத்தால் கால் மணி நேரத்தில் தன் ஆவியிலேயே மெத்தென்று ஆகும்.

ஹமைக்கா என்பது புளிச்சகீரை இனச் செடியின் சிவந்த புல்லிவட்டத்தைக் காயவைத்தது. இரண்டு கைப்பிடியை 2 லிட்டர் நீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, சர்க்கரை போடாமல் ஆறவையுங்கள். சர்க்கரைப் பாகு பக்கத்தில் இருக்கட்டும். மாம்பழம், வெள்ளரி, ஹிகமா கிழங்கு ஆகியவற்றை நறுக்கி எலுமிச்சை, உப்பு, மிளகாய்த் தூள் தூவித் தருவது அங்கே தெருவோர வழக்கம். இதை மிஞ்சும் இனிப்பு இந்த விருந்துக்கு வேண்டியதில்லை.

மேசையின் ஒரு முனையில் டோர்ட்டியா, பீன்ஸ், காளான், சல்சா, குவாக்கமோலே. மறுமுனையில் கோழி, கிரீம், சீஸ். பல சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருப்பதால் பால் உண்ணும் சைவருக்காக எலுமிச்சையில் திரித்த பனீரை உதிர்த்து வையுங்கள். கேசோ ஃப்ரெஸ்கோ என்ற அந்த ஊர்ச் சீஸுக்கு அது நெருக்கமாகவே இருக்கும். கிண்ணத்துக்கு ஒரு கரண்டி, கரண்டி இடம் மாறக்கூடாது. ஒவ்வொன்றின் முன்னும் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டு. ஒவ்வாமை உள்ளவரை முதலில் பரிமாறிக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லோரும் தொட்ட பிறகு எந்தக் கிண்ணத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

மிஞ்சிய டோர்ட்டியாவை மூடிவைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் அதை நறுக்கிப் பொரித்து, மீந்த சல்சாவில் புரட்டி எடுத்தால் சிலாகிலஸ். மெக்சிகோ வீடுகளின் காலைச் சாப்பாடு அது.