பேய் என்றாலே வெளியூர்க்காரிதானா?

'சந்திரமுகி' படத்தை டி.வி.யில் எப்போது போட்டாலும் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலாவது குழம்பு அடிப்பிடிக்கும். 2005 சித்திரை முதல் நாள் வந்த படம். வடிவேலு நடுங்கினால் பிள்ளைகள் இன்னமும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

இந்தக் கதைக்குத் தாய்வீடு மலையாளம். 1993ல் பாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்'. கதாநாயகி ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதில் பூட்டிய அறைக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவாள். அதையே தமிழில் எடுத்தபோது சந்திரமுகி ஆந்திராக்காரியாகித் தெலுங்கு பேசினாள். 2007ல் இந்தியில் போனால் அங்கே வங்காளி! எந்த பாஷைப் படமானாலும் வீடு உள்ளூர்க்காரருடையது, பேய் மட்டும் வெளியூர்க்காரி. ஆசைப்பட்டுத் தூக்கி வந்து, காதலனைப் பிரித்துக் கொன்ற ஆணுக்கு ராஜா என்று பெயர். செத்தவளுக்குப் பேய் என்று பெயர். நன்றாக இருக்கிறது நியாயம்!

நான் பிறந்தது தக்கலைப் பக்கம். மலையாளப் படத்தின் சில காட்சிகள் எடுத்த பத்மநாபபுரம் அரண்மனை அங்கேதான் இருக்கிறது. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. உள்ளே கறுப்புத் தரை முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டதாம். (துடைப்பவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம்.) அங்குள்ள நாடகசாலையில் ஆடுகிறவள் வெளிச்சத்தில் ஆட, அரண்மனைப் பெண்கள் மரத்தடுப்பின் துளை வழியாகப் பார்ப்பார்களாம். ஆடினவளுக்கும் சிறை, பார்த்தவளுக்கும் சிறை.

வத்திராயிருப்புக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், "குடிக்க வெள்ளம் தாங்க" என்று கேட்டேன். மாமியார் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்! கொஞ்ச நாள் எல்லோருக்கும் அது வேடிக்கை. வந்த வீட்டில் நாமும் வெளியூர்க்காரிகள்தானே தோழிகளே.

மலையாளப் படத்தில் கங்காவுக்கு உண்மையில் பேய் கிடையாது. சின்ன வயதில் பாட்டியிடம் விட்டுவிட்டு அப்பா அம்மா கல்கத்தாவில் இருந்துவிட்டார்கள். அந்த ஏக்கம் உள்ளேயே கிடந்திருக்கிறது. கல்யாணமான பிறகு புருஷன் வேலையே கதியென்று இருக்க, பெரிய வீட்டில் இவள் தனியே நாகவல்லி கதையைக் கேட்கிறாள், அவளாகவே ஆகிவிடுகிறாள். இது பேயில்லை, மனசுக்கு வந்த நோய் என்று கண்டுபிடிப்பவர் டாக்டர்.

எங்கள் தெருவிலும் ஒரு புது மருமகள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். ராத்திரியில் அடுப்படியில் தனியே உட்கார்ந்திருப்பாள். "காத்து கருப்பு அண்டிருக்கு" என்று வேப்பிலை அடிக்க ஆள் சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்காதான் குறுக்கே நின்றார். "முதல்ல அவ அம்மாவை வரச் சொல்லுங்க. பத்து நாள் மக கூட இருக்கட்டும். அப்புறம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க." நல்லவேளை, புருஷன்காரன் கேட்டுக்கொண்டான். மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டாள். அதைவிட, வாரம் ஒரு நாள் அம்மாவோடு போனில் மனம்விட்டுப் பேச விட்டதுதான் பெரிய மருந்து என்பேன் நான்.

இப்போது அவள் எங்கள் வீட்டுக்கு வந்துதான் 'சந்திரமுகி' பார்ப்பாள். போன தடவை அந்த அறையைத் திறக்கிற காட்சியில், நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது கேட்கிறாள்: "ஏன்க்கா, இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தும் பட்டுப்புடவையைக் கரையான் அரிக்கலையே, உள்ளே என்ன போட்டு வச்சிருப்பாங்க?"

- ஒரு வாசகி, வத்திராயிருப்பு.